கஞ்சி ஊறிய கிணறு

கிழக்கு வடலிவிளை செமினரியின் கிணற்றில் கஞ்சி ஊறிய வருஷத்தில் மழை தப்பிப் போயிருந்தது, முருங்கை பூவோடு நின்றுவிட்டது, மாட்டு வண்டிக் காலம் தொடங்கி மினி லாரிக் காலம் வரைக்கும் சபை சபையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு வீடு ஒதுக்கிச் சேர்த்த பிடி அரிசி மூட்டைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. செமினரியைத் தாங்கி வந்த வெளிநாட்டுச் சங்கம் தன் கதவைச் சாத்திக்கொண்டதும் அதே வருஷந்தான். வாத்தியார்மாருக்குச் சம்பளம் நின்றது, நூலகத்தில் மின்விசிறி நின்றது, பலசரக்குக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. ஆனால் சாப்பாட்டு மணி மட்டும் நிற்கவில்லை. கொடுக்கிறவர் நேரம் தவறுகிறவர் இல்லை, வாங்கப்போகிற நாம் ஏன் தவற வேண்டும் என்று சொல்லி, பாதிரியாரும் பிரின்சிபாலுமான வேதமாணிக்கம் ஐயர் தானே கயிற்றைப் பிடித்து மணி அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்துக்கு மெஸ் லீடர் தபித்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் படிக்க வந்தவள். கடைசி வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் அவளுக்கு வெள்ளை அங்கி கிடைக்கும், அவள் ஊரிலிருந்து பிரசங்க பீடம் ஏறுகிற முதல் பெண்ணாக அவள் இருப்பாள். செமினரி நடுவில் மூடிக்கொண்டால் அங்கியும் இல்லை, விட்டுவந்த வேலையும் இல்லை. அவளுடைய அண்ணன் தாவீதடியான் இதைத்தான் போன் போட்டபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் தபித்தாள் அரிசி டிரம்மைச் சாய்த்து, தட்டி, அடியில் கைவிட்டு வழித்தபோது உள்ளங்கையில் வந்து நின்றது ஒரே ஒரு பிடி. செமினரிக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் முதல் கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். அது நம்முடையது இல்லை. வாசலில் வந்து நிற்கிறவர் யாரோ அவருடையது. அவரவர் வீட்டில் அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் செய்யப் பார்த்து வளர்ந்த வழக்கம் என்பதால் அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தபித்தாளின் பின்னாலேயே சுவிசேஷமுத்து நின்றிருந்தான். இரண்டாம் வருஷ மாணவன், எந்த நேரமும் பசிக்கிறவன்.

"யக்கா, இத நெறையத் தண்ணி விட்டுக் காச்சினா ஆளுக்கு ஒரு பருக்கை தேறும்."

"முதல் பிடி நம்மளது இல்லல்லா, முத்து."

"ரெண்டாம் பிடின்னு ஒண்ணு இருந்தாத்தான முதல் பிடி. இது ஒத்தப் பிடி. இதுக்குச் சட்டம் கிடையாது."

நல்ல வாதந்தான். தர்க்கப் பாடத்தில் அவனுக்கு எப்போதும் நல்ல மார்க். ஆனால் பதிலைத் தேடி அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே கை தன்பாட்டில் நீண்டு அந்த அரிசியைப் பானைக்குள் போட்டுவிட்டது. திங்கட்கிழமை தோறும் செம்மணல் தேரிக்குள் ஆடு ஓட்டிப் போகிற ஒரு கிழவர் முன்வாசலில் வந்து நிற்பார். அன்றைக்கும் நின்றார். துண்டை விரித்து வாங்கினார், எவ்வளவு என்று பார்க்காமல் முடிந்துகொண்டார், ஆடுகளின் பின்னால் போனார்.

"போச்சு," என்றான் முத்து. "இனி உபவாச ஜெபந்தான். பாட்டுப் புஸ்தகத்த எடுத்துட்டு வரட்டா?"

"கடுங்காப்பிக்காவது தண்ணி வைப்போம். வாளிய எடு."

கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் சமையலுக்கு மோட்டார் போடாமல் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாளி உள்ளே போய் விழுந்த சத்தம் வழக்கம்போல் சலார் என்று கேட்கவில்லை, ஈரத் துணியைக் கல்லில் வைத்ததுபோல் பொத்தென்று கேட்டது. இழுக்க இழுக்கக் கயிறு கனத்தது, கப்பி முனகியது. மேலே வந்த வாளியில் சிவப்பரிசிக் கஞ்சி இருந்தது, பருக்கை மலர வெந்து, ஆவி லேசாகச் சுருண்டுகொண்டு, இப்போதுதான் யாரோ அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பக்குவத்தில். தபித்தாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முத்து, தட்டெல்லாம் போடச் சொல்லு. அப்படியே ஜாடியில உப்புக் கிடக்கான்னு பாரு. உப்பில்லாம இருக்கு."

உப்பு இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல் குவியலாக உப்பு வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, செமினரியின் ஜாடியில் ஒரு கல் உப்பு இல்லை. வேதமாணிக்கம் ஐயர் மணி அடித்தார். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள், ஸ்தோத்திர ஜெபம் செய்தார்கள், உப்பில்லாக் கஞ்சியைக் குடித்தார்கள், குடித்துவிட்டு எட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். கிணறு கொடுத்தது.

அன்று மத்தியானம் ஆசிரியர் கூட்டம் கூடியது. பழைய ஏற்பாட்டு வாத்தியார் இது வானத்திலிருந்து விழுந்த மன்னாவின் வகையைச் சேர்ந்ததா, விதவையின் வற்றாத எண்ணெய்க் குடத்தின் வகையைச் சேர்ந்ததா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார். கிரேக்க வாத்தியார், வகை எதுவானாலும் சாயங்காலத்துக்கும் ஊறுமா என்பதே கேள்வி என்றார். சபைச் சரித்திர வாத்தியார் சம்பளம் வராத நாள் முதல் பேசாமலிருந்தவர், இதற்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளு அரைத்த காணத்துவையல் நன்றாயிருக்கும் என்று வாயைத் திறந்தார், அந்த ஒன்றில் மட்டும் ஏகமனது ஏற்பட்டது. கடைசியில் இதற்குப் பெயர் வைப்பதில்லை, இதை மறுப்பதுமில்லை, கிணற்றின் தற்போதைய நிலை என்று மட்டும் குறிப்பிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. கலைந்து போகும்போது ஒருவர் கேட்டார்.

"எல்லாம் சரி ஐயரே, இவ்வளவு தந்த ஆண்டவர் உப்ப மட்டும் ஏன் மறந்தாரு?"

"மறந்திருக்க மாட்டாரு," என்றார் வேதமாணிக்கம் ஐயர். "வேற எங்கயாவது வச்சிருப்பாரு. தேடுவோம்."

மறுநாள் காலையில் ஒரு தப்பு நடந்தது. கஞ்சியை வாளி வாளியாக இறைத்துத் தோள்பட்டை நோகிறது என்று முத்துவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். கஞ்சி மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியது, தொட்டியிலிருந்து குழாய்க்குக் குழாய் இறங்கியது, கிரேக்க வாத்தியார் தலையில் சோப்பைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி ஷவரைத் திருகியபோது அங்கேயும் வந்து சேர்ந்தது. அவர் கத்தவில்லை. குளியலறைக்குள்ளிருந்து நிதானமான குரலில், யாராவது ஒரு தட்டு கொண்டுவந்தால் நன்றாயிருக்கும், வீணாகப் போகிறது என்றார். சாயங்காலத்துக்குள் தொட்டியில் நின்ற கஞ்சி புளித்து நுரைத்துவிட்டது. இறைத்த அன்றைக்கு இறைத்ததுதான், சேர்த்துவைத்தால் நிற்காது என்று தெரிந்துபோயிற்று. சரி, தொட்டியைக் கழுவுவோம் என்று ஏணி வைத்து மேலே ஏறின பிறகுதான், கழுவுவதற்குத் தண்ணீர் ஏது என்ற கேள்வி அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

குடிக்கத் தண்ணீர் இல்லை, தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லை, முகம் கழுவத் தண்ணீர் இல்லை. அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்ப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு என்று இருந்தது செமினரிக் கிணறு ஒன்றுதான், அது இப்போது கஞ்சிக் கிணறு. மற்றபடி தண்ணீர் என்றால் மதிலுக்கு அந்தப் பக்கம், உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த அளத்துத் தெருவில், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற கூட்டுக் குடிநீர்க் குழாய்.

மதிலில் ஒரு பக்கவாசல் உண்டு. முன்னெல்லாம் அளத்துத் தெருப் பெண்கள் அந்த வாசல் வழியாகத்தான் வந்து செமினரிக் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போவார்கள். போன பஞ்சத்தில் கிணறு கீழே போனபோது, மாணவர்களுக்குத் தண்ணீர் பற்றாமல் போய்விடுமோ என்று பயந்த நிர்வாகக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டு அந்த வாசலைப் பூட்டியது. பஞ்சம் போயிற்று, கிணறு ஏறிற்று, பூட்டு அப்படியே இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. போட்ட தீர்மானத்தை எடுக்க இன்னொரு தீர்மானம் வேண்டும், கமிட்டி கூடிய ஒவ்வொரு முறையும் ஜெபத்துக்கும் காப்பிக்கும் அடுத்து அதற்கு மட்டும் நேரம் இருக்கவில்லை. சாவி மெஸ் லீடரிடமிருந்து மெஸ் லீடருக்குக் கைமாறி இப்போது தபித்தாளின் இடுப்பில் தொங்கியது.

அவள் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, திருகி, துருப்பிடித்த கதவைத் தோளால் முட்டித் திறந்து, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அளத்துத் தெருவுக்குள் நடந்தாள். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள் சுடலைவடிவு. உப்பு வாரி வாரிக் கையும் காலும் வெளுத்துப்போன பெண்பிள்ளை, அவள் சொன்னால் தெருவில் மறுபேச்சில்லை.

"யாரு, வருங்கால ஐயரம்மாவா? வழி தவறிட்டியளா?"

"தண்ணி கேட்டு வந்தேன்க்கா."

சுடலைவடிவு தன் குடத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள், மெதுவாக.

"உங்க கெணத்துல தண்ணியா இல்ல? நாங்க எட்டிப் பாத்தா வத்திரும்னுல்லா பூட்டுனிய. இப்ப யாரு பாத்தது?"

"கிணத்துல கஞ்சி ஊறுதுக்கா."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு கிழவி, அத்தனை வருஷமாக மைக்கில் ஜெபம் பண்ணினவர்களுக்கு இதாவது நடக்க வேண்டாமா என்றாள். இன்னொருத்தி, சோளக் கஞ்சியா அரிசிக் கஞ்சியா என்று கேட்டாள். அரிசி என்றதும், தலையசைத்து, பரவாயில்லை என்றாள்.

"உப்புப் போட்டதா?" என்றாள் சுடலைவடிவு.

"உப்பில்லாம ஊறுதுக்கா. எங்கட்ட உப்பும் இல்ல."

அதைக் கேட்டதும் சுடலைவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கப் பார்த்து அடங்காமல், தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தெருவே சிரித்தது, தபித்தாளும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். சிரித்து முடித்துச் சுடலைவடிவு சொன்னாள்.

"கொடத்த வை. நெறச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு, அந்தக் கொடம் அடுத்த தடவ இங்க வரும்போது வெறுங்கொடமா வரக்கூடாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு குடம் கஞ்சி, ஒரு கை உப்புக்கு இன்னும் ஒரு செம்பு. யாரும் அளந்து வைக்கவில்லை, அதுவாக அப்படி ஆயிற்று. காலையில் அளத்துக்குப் போகுமுன் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு பக்கவாசல் வழியாக வருவார்கள், கஞ்சிக் குடத்தோடு போவார்கள். தபித்தாள் ஒரு முறை வைத்துக்கொண்டாள். கிணற்றிலிருந்து ஏறும் முதல் வாளி வாசலில் நிற்கிறவர்களுக்கு, அடுத்த வாளியிலிருந்துதான் செமினரிக்கு. பிடி அரிசிக்கு இருந்த வழக்கம் வாளிக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான். வெங்காயம் வந்தது, சுட்ட கருவாடு வந்தது, காணத்துவையல் அம்மியோடு வந்தது, சபைச் சரித்திர வாத்தியார் முகத்தில் களை வந்தது. கஞ்சியில் கல் உப்பைப் போட்டு மத்தால் ஒரு சுற்றுச் சுற்றினால் வருகிற ருசிக்காகவே கிரேக்க வாத்தியார் வகுப்பைச் சீக்கிரம் முடித்தார்.

"உப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம் ஐயரே," என்றான் முத்து.

"பக்கத்துத் தெருவுல வச்சிருக்காரு," என்றார் வேதமாணிக்கம் ஐயர், இரண்டாம் தட்டை நீட்டியபடி. "நாமதான் பூட்டி வச்சிருந்தோம்."

ஆனால் கஞ்சி வயிற்றுக்குத்தான் பதில் சொல்லும். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது என்று தகவல் வந்தபோது தாளாளர் கோயில்பிள்ளை அரை கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. செமினரிக்காகத் தன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு அதை வீட்டில் சொல்லாமல் இருந்தவர். கட்டடம் பார்ப்பார்கள், நூலகம் பார்ப்பார்கள், அதெல்லாம் சமாளிக்கலாம், சொந்தத் தண்ணீர் வசதி இல்லாத கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை என்று விதியில் இருக்கிறதே, கிணற்றில் கஞ்சி ஊறினால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்கள் என்று அவர் எல்லோரையும் கேட்டார். அங்கீகாரம் போனால் அந்த வருஷம் படிப்பை முடிக்கிறவர்கள் ஒருவருக்கும் பட்டம் இல்லை, பட்டம் இல்லாதவர்களுக்குக் குருவாக அபிஷேகம் இல்லை, அங்கி இல்லை.

வியாழக்கிழமை அவர் தபித்தாளைக் கூப்பிட்டார்.

"லாரித் தண்ணிக்குக் கடன் சொல்லியிருக்கேன். விடியக்காலம் வந்து தொட்டிய நிறைச்சிரும். நீ ஒண்ணு செய்யணும். நாளைக்கு ஒருநாள் பக்கவாசலப் பூட்டிரு. கிணத்துக்கு மூடி போட்டுருவோம். குடமும் கூட்டமுமா நின்னா, இது செமினரியா சத்திரமான்னு கேட்டு எழுதிட்டுப் போயிருவாங்க. ஒருநாள்தாம்மா."

"ஐயர் என்ன சொல்லுதாரு?"

"சாவி உங்கிட்ட இருக்குன்னு சொல்லுதாரு."

அன்று மாலையே தாவீதடியான் வந்துவிட்டான். வாடகைக் கார் எடுத்து வந்து முன்வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தி, கதவைத் திறந்தே வைத்தான், தங்கச்சி வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல.

"ஏ தபி, ஆஸ்பத்திரியில பேசி வச்சிருக்கேன். நாளைக்கு அவங்க எழுதிட்டுப் போனதும் நீ பெட்டியக் கட்டிரணும். ரெண்டுங்கெட்டு நிக்கக் கூடாது. அம்மை அழுதாவ."

"அங்கீகாரம் கிடைச்சிட்டுன்னா?"

"கிடைச்சா நானே உன் அங்கிக்குத் துணி எடுத்துத் தாரேன். கிடைக்கலைன்னா என்கூட வந்திரு. சரியா?"

"சரி அண்ணே," என்றாள். வேறு என்ன சொல்வாள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வரவில்லை. கடனுக்குத் தண்ணீர் ஊற்ற லாரிக்காரர் சம்மதிக்கவில்லை என்று கோயில்பிள்ளை போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கழுவி வைத்த தொட்டி காய்ந்து கிடந்தது. அன்றைக்குப் பார்த்துத் தெருக் குழாயிலும் முறை இல்லாத நாள். இனிப் பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன என்று ஒரு மனம் சொன்னது தபித்தாளுக்கு. இன்னொரு மனம், கூட்டத்தையாவது மறைத்தால் மற்றதெல்லாம் பார்த்து இரக்கப்பட்டு எழுதுவார்கள், நீ இத்தனை வருஷம் ஏங்கின அங்கி அது, ஒரு நாள்தானே என்றது. அவள் பூட்டை எடுத்துக்கொண்டு பக்கவாசலுக்குப் போனாள். வாசலுக்கு அந்தப் பக்கம் சுடலைவடிவு ஒரு வெறுங்குடத்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெரு நின்றிருந்தது. முறை இல்லாத நாளில் தண்ணீர் கொண்டுவர முடியாது, ஆனாலும் கஞ்சிக்கு வரலாம் என்று அதற்குள் வழக்கமாகியிருந்தது.

சுடலைவடிவு பூட்டைப் பார்த்தாள்.

"என்னட்டி, பழைய ஞாபகமா?"

தபித்தாள் சுற்றி வளைக்கவில்லை. "ஆபீசர்மாரு வாராங்கக்கா. தண்ணி இல்லன்னு பாத்தாங்கன்னா காலேஜ மூடிருவாங்க. லாரி வரல. கூட்டம் தெரியாம இருக்கட்டும்னு பூட்டச் சொன்னாங்க."

"மூடிட்டா?"

"நான் ஊருக்குப் போயிருவேன். அண்ணன் வண்டியோட நிக்கான்."

"அப்ப இந்தப் பூட்டு எதுக்கு? போடப் போறியா, எடுக்கப் போறியா?"

தபித்தாள் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்க நேரம் இருந்தது, யோசித்தும் பார்த்தாள், ஆனால் டிரம்மின் அடியிலிருந்து அந்தக் கடைசிப் பிடியை எடுத்தபோது எப்படியோ அப்படித்தான் இப்போதும் நடந்தது, பதில் கிடைக்குமுன் கை நகர்ந்துவிட்டது. பூட்டைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கப்பிக் கட்டையில் மாட்டினாள், வாளியை இறக்கினாள், இழுத்தாள்.

"கொடத்த வைங்கக்கா. முதல் வாளி உங்களுதுதான்."

சுடலைவடிவு குடத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள். திரும்பித் தெருவைப் பார்த்து ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் குடத்தை நிறைக்காமலேயே திரும்பிப் போய்விட்டார்கள். தபித்தாள் வாளியைக் கிணற்றுத் திட்டில் வைத்தாள். சரி, கோபித்துக்கொண்டார்கள், நியாயந்தான் என்று நினைத்தாள். முன்வாசலில் ஆய்வுக் குழுவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

குழுவுக்குத் தலைமை ஒரு மூத்த பேராசிரியை, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கட்டடம் பார்த்தார். நூலகத்தில் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சிற்றாலயத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தார். பிறகு, வேதமாணிக்கம் ஐயர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"குடிநீர்?"

"வாங்க, காட்டுதேன்," என்றார் ஐயர். மறைக்க அவருக்குத் தெரியாது.

அவர்கள் கிணற்றடிக்கு வந்தபோது பக்கவாசல் வழியாகத் தெரு உள்ளே வந்துகொண்டிருந்தது. முறை இல்லாத நாளுக்கென்று வீட்டுக்கு வீடு மூடி வைத்திருந்த தண்ணீர், சமையலுக்கு வைத்தது, அளத்திலிருந்து வந்து உப்பு போகக் கைகால் கழுவ வைத்தது, கைப்பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்தது எல்லாம் குடத்திலும் அண்டாவிலும் பிளாஸ்டிக் வாளியிலும் தூக்குச்சட்டியிலுமாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் வந்தார்கள், அவர்கள் புருஷன்மார்கள் இருவர் இருவராக டிரம்மைச் சுமந்து வந்தார்கள், மைக்கில் ஜெபம் பண்ணினதைக் கேலி பேசின கிழவி ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிந்தாமல் வந்தாள். கிணற்றடியில் காலியாகக் கிடந்த தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து ஊற்றினார்கள், ஊற்றிவிட்டுத் திரும்ப நடந்தார்கள், திரும்ப வந்தார்கள், ஊற்றுகிற சத்தம் அடை மழைபோல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. முத்து ஓடிப்போய்த் தரைத்தொட்டி மோட்டாரைப் போட்டான். கல்லூரியில் திறந்து கிடந்த குழாய்கள் ஒவ்வொன்றும் கனைத்தன, துப்பின, பிறகு தண்ணீரை விட்டன.

பேராசிரியை ஒரு குழாயடியில் கையேந்தி ஒரு வாய் குடித்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது சொந்தக் கிணறா?"

"ஆமா," என்றார் ஐயர். "அதுல கஞ்சிதான் வரும்."

"அப்ப இந்தத் தண்ணி?"

ஐயர் வாயைத் திறக்குமுன் சுடலைவடிவு இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னாள். "நாங்க தாறோம். இவங்க கேப்பாங்க, நாங்க குடுப்போம். நாங்க கேட்டா இவங்க குடுப்பாங்க. வேற என்ன தெரியணும் உங்களுக்கு? கஞ்சி குடிக்கியளா?"

"குடிக்கலாம்," என்றார் பேராசிரியை.

அவருக்கும் குழுவுக்கும் தட்டுப் போட்டார்கள். உப்புப் போட்டுச் சுற்றினார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு வந்தது. வண்டியோடு காத்துக்கொண்டிருந்த தாவீதடியானையும் யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள். அவன் தலையைக் குனிந்தபடியே குடித்துக்கொண்டிருந்தான். பேராசிரியை கையைக் கழுவிவிட்டு, மடியில் தாளை வைத்துக்கொண்டு, நீர் ஆதாரம் என்ற இடத்தில் யோசிக்காமல் எழுதினார். கோயில்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார், படித்துவிட்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அங்கே எழுதியிருந்தது: அளத்துத் தெரு. போதுமானது.

கார் போனபின் தாவீதடியான் எழுந்தான். வண்டியின் கதவைச் சாத்தினான்.

"ஏ தபி, ஒரு தூக்குல கொஞ்சம் ஊத்து. அம்மைக்குக் கொண்டு போறேன்."

"ஊர் போறதுக்குள்ள புளிச்சிரும் அண்ணே."

"அம்மைக்குப் புளிச்சாத்தான் பிடிக்கும்." தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு, தெருவைப் பார்த்தபடியே கேட்டான். "அங்கிக்கு எத்தன மீட்டர் ஆகும்?"

அதன்பிறகு கஞ்சி வெகுகாலம் ஊறியது. ஆய்வுக் குழு அன்றைக்கு வந்து தட்டில் கஞ்சி குடித்துப் போன கதை சபை சபையாகப் போயிற்று, கேள்விப்பட்ட சபைகள் சிலது வெட்கப்பட்டும் சிலது சந்தோஷப்பட்டும் பிடி அரிசியைத் திரும்ப அனுப்பத் தொடங்கின, வாத்தியார்மாருக்கு நின்றுபோன சம்பளம் துண்டு துண்டாக வந்தது, கோயில்பிள்ளையின் வீட்டுப் பத்திரம் அவர் வீட்டுக்குத் தெரியாமலேயே திரும்பி வந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. மழை பிடித்ததிலிருந்து கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வந்தது. முதலில் பருக்கை குறைந்தது, பிறகு நிறம் போயிற்று, பிறகு வடிதண்ணீர்போல் ஒரு வாசனை மட்டும் நின்றது. யாரும் வருத்தப்படவில்லை. டிரம்மில் அரிசி இருந்தது. பக்கவாசலின் பூட்டு கப்பிக் கட்டையிலேயே மழையில் நனைந்து, கயிறு உரசாமல் இருக்க ஒரு எடைக்கல்லாக ஆகிவிட்டிருந்தது.

அபிஷேகத்துக்கு ஊருக்குப் புறப்படுகிற நாள் காலையில், அண்ணன் எடுத்துத் தந்த துணியில் தைத்த அங்கி பெட்டிக்குள் மடித்திருக்க, தபித்தாள் கடைசியாக ஒருதரம் கிணற்றுக்கு வந்து வாளியை இறக்கினாள். சலார் என்று சத்தம் கேட்டது. இழுத்துப் பார்த்தாள், வாளி நிறையத் தெளிந்த நல்ல தண்ணீர், அடியில் வாளியின் துருப்புள்ளி வரைக்கும் தெரிந்தது. முத்து பக்கத்தில் தட்டோடு நின்றான், தட்டைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், அரிசி கழுவப் போனான். தபித்தாள் திறந்து கிடந்த பக்கவாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யக்கா, முதல் வாளி ஏறிட்டு. கொடத்த எடுத்துட்டு வாங்க."

சுடலைவடிவு வந்தாள். குனிந்து வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள், வாயைச் சப்புக்கொட்டினாள்.

"என்னட்டி, உப்புமில்ல, பருக்கையுமில்ல."

"தண்ணியாப் போச்சுக்கா."

"போவட்டும்," என்று சொல்லிக் குடத்தை நீட்டினாள். "நெறை."